தர்ம ஆஸ்பத்திரியின் அரக்கு வைத்த அலமாரி

காலை ஆறு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது என் அக்கா வீட்டுக்காரரின் முதுகை. தெருக்கதவைப் பாதி திறந்து, நிலைப்படியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அக்காவின் கைக்கண்ணாடி. இன்னொரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்து, கழுத்தின் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு கண்ணைப் பாதி மூடியிருந்தார். மண்டியில் தோலைப் பார்க்கும்போதும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே போனால் தோல் மண்டிகள் வரிசையாக வரும் ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். மாமா ஆற்றங்கரை மண்டி ஒன்றில் பச்சைத்தோல் ரகம் பிரிக்கும் மேஸ்திரி. உள்ளூரில் உரித்தது, வெளியூரிலிருந்து உப்புப் போட்டு வந்தது, எங்கோ கிடந்து காய்ந்து விறைத்தது என்று வண்டி வண்டியாக வருவதை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். இது உண்ணிக்கடி, இது அம்மை வடு, இது சூடு போட்ட தழும்பு, இது உரித்தவன் கத்தி பட்டது என்று சொல்லிக்கொண்டே போவார். பார்த்து முடித்த தோலை இடது தோளில் போட்டு, வழுக்காமல் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார். நாலைந்து சேர்ந்ததும் தோளைச் சரித்து, அந்தந்த ரகக் குவியலில் தள்ளுவார். இருபது வருடமாக அதே தோள், அதே தாடை. அவர் சொன்ன ரகத்தை மறுத்துப் பேசிய வியாபாரி எங்கள் பக்கத்தில் கிடையாது.

நான் அவர்கள் வீட்டில் தங்கி, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் பக்கத்துச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா பாக்கறீங்க?"

"உண்ணிக்கடி மச்சான். நாலு நாளாச்சு. மண்டியில உண்ணிக்கா பஞ்சம்?" கண்ணாடியை இறக்கவில்லை. "என்னைத் தோலா வித்தா ரெண்டாம் ரகத்துல போவும்."

எழுந்து போய்ப் பார்த்தேன். தாடை எலும்புக்குக் கீழே, தோல் படும் அதே இடத்தில், ஒரு காசளவு கறுப்பாக இருந்தது. கரியைத் தேய்த்ததுபோல் ஈரமில்லாத கறுப்பு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வட்டமாக நின்றன. அதற்கும் வெளியே கழுத்து வீங்கி, காதுமடல் வரை பளபளத்தது.

"வலிக்குதா?"

"வலியே இல்ல. அதனாலதான் சொல்றேன், ஒண்ணும் இல்லன்னு. மொதல்ல கொஞ்சம் அரிச்சுது."

வலி இல்லை என்று அவர் சொன்னதும் எனக்கு இன்னொரு கழுத்து ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில் அதே மண்டியில் வண்டியிலிருந்து தோல் இறக்கும் ஆள் ஒருவர் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்துப்போனார். சாவுக்கு முன்தினம் நான் அவரைப் பார்த்திருந்தேன். கழுத்தில் இதே கறுப்பு. அவரும் வலியில்லை என்றுதான் சொன்னார். நான் எழுதி அனுப்பிய நாலு வரியைப் பத்திரிகையில் 'மர்ம ஜுரம்' என்று தலைப்பிட்டுப் போட்டார்கள். தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அது மர்மமும் இல்லை ஜுரமும் இல்லை, மாட்டுக்கு வரும் அடைப்பான், அந்த நோயில் செத்த மாட்டின் தோலிலிருந்து மனிதனுக்கு ஒட்டியது என்று சொன்னார்.

இதை மாமாவிடம் அப்போதே சொல்லியிருந்தேன். அவர் சிரித்தார். "அடைப்பான் வந்த தோல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அது மாட்டுக்கு வர்றது. மனுசனுக்கு வர்றதுக்கு மனுசன் என்ன புல்லா தின்றான்?"

இப்போதும் அதையே சொன்னார். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் அடைத்தது. அடுப்படியிலிருந்து வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

"இன்னிக்கு புதன்கெழம" என்றார் மாமா.

தர்ம ஆஸ்பத்திரி என்பது எங்கள் வட்டாரத்து நிர்வாகத்தைப் பார்த்த போர்டு நடத்திய இலவச ஆஸ்பத்திரிக்கு ஊரில் வழங்கிய பெயர். புதன்கிழமை அங்கே, தகாத சகவாசத்தால் வரும் மேக நோய்க்கு ஊசி போடும் நாள். அந்தக் கிழமையில் அந்த வாசலில் நின்ற ஆண்பிள்ளை எவனும், கால் உடைந்து வந்தவனாக இருந்தாலும், சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் விழுந்துவிடுவான்.

"பரவால்ல, நான் இருக்கறேன் ஊருக்குப் பதில் சொல்ல" என்றாள் அக்கா. "துண்டைச் சுத்தினு கெளம்பு."

ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையில் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னா மேஸ்திரி, நீயுமா? எந்த ஊருக்குப் போய்ட்டு வந்தே?"

"உன் மாமியார் ஊருக்கு" என்றார் மாமா. வரிசை சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரிக்கும்போது கழுத்தை அசைக்காமல் சிரித்தார்.

"சிரிக்காத மேஸ்திரி. இன்னிக்கு ஊசி இல்லையாம். பீரோவுக்கு அரக்கு வெச்சுட்டாங்களாம். எதுக்கு நிக்கறோம்னே தெரியல, பயக்கத்துல நிக்கறோம்."

டாக்டருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சென்னையில் படித்து, பாஸ் செய்த கையோடு இங்கே வந்தவர். துண்டை விலக்கச் சொல்லி, எட்ட நின்று பார்த்தார். பிறகு கையை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். எந்த மண்டி, எத்தனை நாள், தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்டார். ஒரு கொப்புளத்திலிருந்து நீரை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஜன்னலோரம் இருந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்ததும் மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வெளி வராந்தாவுக்கு வரச்சொன்னார்.

"அடைப்பான்தான். வீக்கம் உள்பக்கம் திரும்பிச்சுன்னா மூச்சுக்குழல மூடிடும்."

"எப்போ?"

"சாயங்காலம் ஆகலாம். மத்தியானமே ஆகலாம்."

மருந்து உண்டா என்று கேட்டேன். அவர் சொன்னது இது. புதன்கிழமை ஊசி என்பது சீமையிலிருந்து குப்பியில் வரும் மஞ்சள் நிற மருந்துத் தூள். அது மேக நோய்க்கு வந்த மருந்து. ஆனால் அடைப்பான் வந்த சிலருக்கு அதையே போட்டுப் பிழைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் படித்திருந்தார். அவர் கையாலேயே ஒரு தடவை போட்டு, பிழைத்ததையும் பார்த்திருந்தார். ஆறு குப்பி உள்ளே இருந்தது. அந்த அலமாரிக்குத்தான் மூன்று நாள் முன்பு போர்டு பிரசிடெண்டு வந்து பூட்டுப் போட்டு, பூட்டின்மேல் துணி சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

காரணம் சென்னையில் தொடங்கியது. அந்த வருடங்களில் வைத்தியத்துறை வெள்ளைக்கார அதிகாரிகளிடமிருந்து நம்மவர் மந்திரிகளின் கைக்கு வந்திருந்தது. இருக்கிற பணத்தைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பதா, கிராமத்தில் குடியிருக்கும் டாக்டருக்கு உதவிச் சம்பளம் கொடுத்து அங்கேயே நிறுத்துவதா, இலவசம் யாருக்கு, நாட்டு வைத்தியத்துக்கு என்ன இடம் என்று சட்டசபையில் வாதாடினார்கள். பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. எங்கள் பத்திரிகையும் எழுதியது. அதை எழுதியவர் தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர் இல்லை. அந்த வாதம் சுற்றறிக்கையாக எங்கள் போர்டுக்கு வந்து, அதை ஒட்டி ஒரு அங்கத்தினர் தீர்மானம் கொடுத்திருந்தார். விலை உயர்ந்த ஊசி மருந்துகளை இலவசப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், மிச்சமாகும் பணத்தில் மலையோரக் கிராமங்களுக்கு டாக்டர் வைக்க வேண்டும் என்பது தீர்மானம். அது முடியும்வரை மருந்தைத் தொடக்கூடாது என்று பிரசிடெண்டு உத்தரவு. கூட்டம் அன்றைக்கே, பதினொரு மணிக்கு.

"அரக்க ஒடச்சா என்ன?" என்றேன்.

"ஒடைக்கலாம். மருந்து திருடினான்னு என்னை அனுப்பிடுவாங்க. அடுத்த டாக்டர் வர ஆறு மாசம் ஆவும். அதுக்குள்ள எத்தனை கழுத்து வருமோ." உள்ளே மாமாவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னையும் கூட்டத்துக்கு வரச்சொல்லியிருக்காங்க, விவரம் சொல்ல. அங்கயே கேக்கறேன். தர மாட்டேன்னா ஒடச்சிடறேன்" என்றார். கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்றேன். காலை வண்டி போய்விட்டது. அடுத்தது மூன்றரைக்கு. பஸ்ஸில் இந்தக் கழுத்தைப் பார்த்தால் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் வழியில் மூச்சு நின்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதலில் ஊசி, பிறகு வண்டி என்றார் டாக்டர்.

மாமாவை உள்ளே ஒரு பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தோம். படுத்தால் ஆபத்து என்று கம்பவுண்டரிடம் சொல்லப்பட்டது. கம்பவுண்டர் தலை நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர். மூச்சில் சத்தம் கேட்டால் உடனே போர்டு ஆபீசுக்கு ஓடிவர வேண்டும் என்று டாக்டர் அவரிடம் இரண்டு தடவை சொன்னார்.

நான் கிளம்பும்போது மாமா என் சட்டையைப் பிடித்தார்.

"கூட்டத்துல என் பேரு வரக்கூடாது மச்சான். மண்டி பேரும் வரக்கூடாது."

"ஏன்?"

"பேரு வந்தா மண்டிய மூடுவாங்க. மண்டிய மூடினா அத்தனை பேரும் என் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பான். அவனுங்களுக்கு யாரு சோறு போடறது?" மூச்சு வாங்கிக்கொண்டார். "சத்தியம் பண்ணு."

செய்தேன்.

கூட்டம் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. பத்திரிகைக்காரர்களுக்குச் சுவரோரம் ஒரு சின்ன மேஜை. அன்றைக்கு நான் ஒருவன்தான். எதிரே சுவர்க்கடிகாரம். வழக்கமாக அதைப் பார்த்துத்தான் குறிப்பில் நேரம் போடுவேன். அன்று எழுதிய தாள்களில் ஒவ்வொரு மூன்றாவது வரிக்கும் நேரம் போட்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

தீர்மானம் கொடுத்தவர் ஒரு வக்கீல். கலவைப் பக்கத்தில் பிறந்து எங்கள் ஊரில் தொழில் நடத்தியவர். கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. அவர் பேச்சை நான் முழுக்க எழுதினேன்.

"எங்க அம்மா பிரசவ வலியில கட்டை வண்டியில வந்தாங்க. பத்து மைலு. ஆஸ்பத்திரி வாசல் தெரிஞ்சப்போ வண்டியில ரெண்டு பொணம் இருந்துது. இன்னிக்கும் அந்தப் பத்து மைலு அப்படியேதான் இருக்குது. டவுன்ல ஒருத்தனுக்குப் போடற ஒரு ஊசியோட விலையில ஒரு கிராமத்துக்கே வருஷம் முழுக்கக் குளிர்ஜுரத்துக்கு மருந்து கொடுக்கலாம். அந்த ஒருத்தன் யாரு? போவக்கூடாத எடத்துக்குப் போய்ட்டு வந்தவன். அவன் சந்தோஷத்துக்கு வரி கட்டறது யாரு? நெமிலிப் பக்கத்துல ஏர் ஓட்டறவனும் இங்க ஏர் ஓட்டறவனும்."

மேஜையைத் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "வக்கீலய்யா, அந்த எடத்துக்கு வழி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிரிப்பு. வக்கீலும் சிரித்து, "கேஸ் வருதே" என்றார்.

அவர் சொன்ன எதையும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. ஆனால் அவர் பேசி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

அடுத்து ஒரு முதியவர் எழுந்து, இங்கிலீஷ் வைத்தியமே வேண்டாம், அந்தப் பணத்தை நாட்டு வைத்தியர்களுக்குக் கொடுத்தால் போதும் என்றார். தன் மூல வியாதி நாட்டு மருந்தில் தீர்ந்த கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. என் கையில் பென்சில் வழுக்கியது. வேட்டியில் துடைத்துவிட்டு எழுதினேன்.

டாக்டரைக் கூப்பிட்டார்கள். நின்றபடி பேசினார். அந்த ஊசி மருந்து மேக நோய்க்கு மட்டும் இல்லை, மண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஒரு நோய்க்கும் உதவும் என்று தொடங்கினார்.

உடனே ஒரு தோல் முதலாளி எழுந்தார். ஆற்றங்கரை மண்டியின் சாயபு, மாமாவின் முதலாளி. கனத்த உடம்பு, மெல்லிய குரல்.

"பிரசிடெண்டு சாப், ஆஸ்பத்திரி வேணும்னு சொல்றவன் நான். தீர்மானத்துக்கு எதிரா ஓட்டுப் போடத்தான் வந்தேன். ஆனா மண்டி சீக்குன்னு ஒரு வார்த்தை புத்தகத்துல ஏறினா பேஜாராயிடும். இந்த ஊர்த் தோல்னா துறைமுகத்துலயே திருப்பிடுவான். அப்புறம் ஆஸ்பத்திரி இருக்கும், உள்ள வர்றதுக்கு ஊர் இருக்காது." என் பக்கம் திரும்பி, "நீயும் எழுதாதே தம்பி" என்றார்.

பிரசிடெண்டு அந்த வார்த்தையைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். டாக்டர் குரலைத் தாழ்த்தி, "நீக்கிக்கோங்க. ஆனா இப்ப, இந்த நிமிஷம், ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருக்காரு. எனக்கு அலமாரிச் சாவி வேணும்" என்றார்.

வக்கீல் எழுந்தார். "யாரு அவரு? எந்த மண்டி?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"பேரு சொல்ல முடியல" என்றார் டாக்டர்.

"பேரு இல்லாத நோயாளி, புத்தகத்துல ஏறாத நோய்" என்றார் வக்கீல். "நல்ல சமயத்துல வந்திருக்காரு. ஓட்டெடுப்பு முடிஞ்சதும் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாரா?"

சபை சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்கதவில் கம்பவுண்டர் வந்து நின்றார். மேல்சட்டை நனைந்திருந்தது. உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. என்னைப் பார்த்து, ஒரு விரலால் தன் தொண்டையைத் தொட்டார். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. மெல்ல எழுந்து அவரிடம் போனேன்.

"தண்ணி எறங்கல. மூச்சுல கரகரன்னு சத்தம். உங்கக்கா வந்துட்டாங்க, முதுகத் தாங்கிப் புடிச்சிருக்காங்க" என்றார். பிறகு, சொல்லலாமா என்று தயங்கி, "மேஸ்திரி ஒண்ணு சொல்லச் சொன்னாரு. 'உண்ணிக்கடி இல்ல, நான் தப்பாப் பாத்துட்டேன்'னு."

இருபது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மேஜைக்குத் திரும்பினேன். உட்காரவில்லை.

"என் அக்கா வீட்டுக்காரர்" என்றேன்.

பிரசிடெண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பத்திரிகைக்கு இங்க காதுதான் உண்டு. வாய் கிடையாது. உக்காருங்க."

"பேரு கேட்டாங்க. சொல்றேன்." மாமாவின் பெயரைச் சொன்னேன். மண்டியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயபு தன் நாற்காலியிலிருந்து முழுக்கத் திரும்பிவிட்டார்.

"நம்ம மேஸ்திரியா?"

"ஆமாங்க. கழுத்துல."

"கழுத்துல எந்தப் பக்கம்?"

"இடது."

அவர் கை தானாகத் தன் இடது தாடைக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. தினமும் காலையில் மேஸ்திரி தோலை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தவர் அவர். டாக்டர் சொன்ன நோயை அந்தக் கூட்டத்தில் முதலில் நம்பியவரும் அவர்தான்.

"சாவியக் குடுங்க பிரசிடெண்டு சாப்" என்றார்.

பிரசிடெண்டு சட்டப்புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கும் கொடுக்கக்கூடாது என்று இல்லை. பயம்தான். தீர்மானம் சபையில் இருக்கும்போது அலமாரியைத் திறந்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாகக் கலெக்டருக்கு மனு போகும். ஏற்கெனவே ஒரு மனு போயிருந்தது. "தீர்மானம் முடியட்டும்" என்றார். "இன்னும் ஏழு பேர் பேசணும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. சாப்பாட்டுக்கு அப்புறம்…"

"சாப்பாட்டுக்கு அப்புறம் அவரு இருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். வாசலைப் பார்த்தார். அவர் உடைக்கத் தீர்மானித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அலமாரி பர்மா தேக்கு, பூட்டு சீமைப் பூட்டு. ஆஸ்பத்திரியில் கடப்பாரை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கொல்லன் பட்டறை எந்தத் தெருவில் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ஐந்து வருடமாக நடந்த தெருக்கள் அவை.

சாயபு எழுந்து வக்கீலின் நாற்காலிக்குப் போனார். இரண்டு வரிசை தள்ளி நின்ற எனக்கு அவர்கள் பேசியது கேட்டது.

"வக்கீல் சாப், உங்களுக்கு எத்தனை ஓட்டு கம்மி?"

வக்கீல் தீர்மானத் தாளை மடித்தார்.

"ஒண்ணு கம்மி. எனக்குத் தெரியும், நேத்தே எண்ணிட்டேன். என் ஓட்டு உங்களுக்கு. யாரும் பேச வேணாம், இப்பவே ஓட்டெடுப்பு. 'கையிருப்பு தீர்ற வரைக்கும் டாக்டர் இஷ்டம்'னு ஒரு வரி சேத்துக்கோங்க. அவ்ளோதான்."

"சாயபு, என் தீர்மானம் ஜெயிச்சா உங்க ஆளுங்களுக்கு இனிமே இந்த ஊசி இல்ல."

"தெரியும்."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றி எதையும் நான் காணவில்லை. பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினார்.

பேச எழுதிக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். ஒருவர் நாலு நாளாகத் தயார் செய்த பேச்சு என்றார். அவரைச் சமாதானம் செய்ய எட்டு நிமிடம் போயிற்று. ஓட்டெடுப்பில் கையை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணினார்கள். யாரோ சந்தேகம் சொல்ல, மறுபடி எண்ணினார்கள். சாயபுவின் கை இரண்டு தடவையும் முதலில் உயர்ந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தோல் முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்து, "இன்னா சாயபு இது?" என்றார். சாயபு கையை இறக்கவில்லை.

ஒரு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. மணி ஒன்று பதினேழு. பிரசிடெண்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். நானும் டாக்டரும் ஓடினோம். போர்டு ஆபீசிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு தெரு. கம்பவுண்டரால் ஓட முடியவில்லை, பின்தங்கிவிட்டார்.

வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி இழுப்பு. அந்த ஒன்றுமில்லாத இடம் ஒவ்வொன்றும் நீண்டது. மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. இடது கண் வீக்கத்தில் மூடியிருந்தது. அக்கா அவரைப் பின்னாலிருந்து தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அரக்கைக் கத்திரிக்கோலால் நொறுக்கிப் பூட்டைத் திறந்தார். குப்பியின் கழுத்தை உடைத்து, மருந்துத் தூளைக் காய்ச்சிய தண்ணீரில் கரைத்தார். நரம்பு கிடைக்கவில்லை. முதல் குத்து வீண். இரண்டாவதும் வீண். "வெளக்கு கொண்டா" என்றார். பட்டப்பகலில் நான் விளக்கு தேடிக்கொண்டு நின்றேன். மூன்றாவது குத்தில் ஊசிக்குழாயில் இரத்தம் தெரிந்தது. மெதுவாக, மிக மெதுவாக உள்ளே தள்ளினார். வேகமாகத் தள்ளினால் மருந்தே கொன்றுவிடும் என்று பிறகு சொன்னார். அப்போது சொல்லாததற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு தொண்டைக்குக் கீழே கை வைத்து, பக்கத்தில் ஒரு சிறு கத்தியைத் துணியில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீக்கம் இன்னும் ஏறினால் அங்கே வெட்டிக் குழாய் வைக்க வேண்டும். அதற்கு முன் அவர் அதைச் செய்ததில்லை. நாலு மணி வரை அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றரை மணி வண்டி ஊதிக்கொண்டு போனது கேட்டது.

நாலரைக்கு வக்கீல் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "எப்படி இருக்குது?" என்றார். தெரியவில்லை என்றேன். செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

ஐந்து மணிக்கு மூச்சின் இடைவெளி கொஞ்சம் ஒழுங்கானது. அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று டாக்டரும் சொல்லவில்லை. மறுநாள் இன்னொரு குப்பி. வீக்கம் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் கண் திறந்தது. நாலாம் நாள் கஞ்சித் தண்ணீர் இறங்கியது. கறுப்பு உதிர்ந்து, அந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. மீதியிருந்த நாலு குப்பியை டாக்டர் அந்த வாரமே வரிசையில் நின்றவர்களுக்குப் போட்டுவிட்டார்.

போர்டுக் கூட்டத்தைப் பற்றி நான் அரைப் பத்தி எழுதி அனுப்பினேன். வக்கீலின் பேச்சு, முதியவரின் பேச்சு, ஓட்டு விவரம். மண்டி சீக்கு என்ற சொல் அதில் இல்லை. நான் எழுந்து பேசியதும் இல்லை. கிராமங்களுக்கு வழிகாட்டும் முன்மாதிரித் தீர்மானம் என்று எங்கள் பத்திரிகை ஒரு சிறு தலையங்கமும் எழுதியது. மலையோரத்தில் ஒரு கிராமத்துக்கு டாக்டர் வந்தது உண்மை. அடுத்த தையில் வந்தார். நான் போய்ப் பார்த்தேன். கூட்டமாக இருந்தது.

மாமா ஒரு மாதம் கழித்து மண்டிக்குப் போனார். தோலைத் தோளில் போடுவதை விட்டுவிட்டு, ஒரு மரச்சட்டம் செய்யச் சொல்லி, அதில் தொங்கவிட்டுப் பார்த்தார். மண்டி மூடப்படவில்லை. சத்தியத்தை மீறியது பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. சாயபு தினமும் காலையில் அவர் கழுத்தைப் பார்ப்பார் என்று அக்கா சொன்னாள்.

பங்குனியில், அதே மண்டியில் தோல் இறக்கும் ஒரு ஆளுக்கு முன்கையில் வந்தது. இந்தத் தடவை மாமா பார்த்த உடனே சொல்லிவிட்டார். டாக்டரும் உடனே பார்த்தார். அலமாரியில் மருந்து இல்லை. சாயபு தன் செலவில் ஆளை வேலூருக்கு ரயிலில் அனுப்பினார், மாமா கூடப் போனார். காட்பாடியில் உடலை இறக்கினார்கள்.